அமாவாசைக்கு மட்டும் மாத்திரை

என் பிள்ளைக்கு,

நீ இன்னும் பிறக்கவில்லை. நீ மகனா மகளா என்றும் தெரியாது. நான் இப்போதுதான் பத்தாவது படிக்கிறேன். ஆனால் நாலைந்து நாளாக எங்கள் வீட்டில் உன்னைப் பற்றித்தான் பேச்சு. வாலாஜாபாத்திலிருந்து வந்திருக்கும் பெரியப்பா, நான் தண்ணீர்ச் சொம்பைக் கொண்டுபோய் வைக்கும்போதுகூடக் குரலைத் தணிக்காமல், "ஆத்தாளுக்கு வந்தது பொண்ணுக்கு வராதாடா? அவ வயித்துல பொறக்கிறதுக்கு வராதா? தெருவே பேசிக்கினு இருக்குது. எவன் இவளைக் கேட்டுக்கினு வருவான்?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா தன் அண்ணனுக்கு எதிரே பேசியே பழக்கமில்லாதவர். தலையைக் குனிந்துகொண்டார். கடைசியில் பெரியப்பாவே முடிவும் சொல்லிவிட்டார். அம்மாவை நாளைக் காலை பஸ்ஸில் மெட்ராஸுக்கு அழைத்துப்போய், மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும். திரும்ப அழைத்துவர வேண்டாம். அங்கே அப்படி விடப்பட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்களாம். உனக்காகத்தான் இதைச் செய்கிறார்களாம். அதனால் இது உனக்குத் தெரிய வேண்டும்.

இதைத் தறிக்குழிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். நெய்யும்போது அப்பா கால் வைக்கும் குழி இது. விளக்கை உள்ளே இறக்கி வைத்தால் வெளிச்சம் கூடத்துக்குப் போகாது. புகை படாமல் இருக்கத் தறியில் நீளக் கட்டிய பட்டிழைப் பாவின்மேல் பழைய புடவையைப் போர்த்தியிருக்கிறேன். பயமாக இருக்கிறது. பெரியப்பா சொன்னதிலிருந்து யாராவது என் பெயரைக் கூப்பிட்டால் உடனே திரும்புவதில்லை. நிஜமாகவே யாரோ கூப்பிட்டார்களா, எனக்கு மட்டும்தான் கேட்டதா என்று ஒரு கணம் நின்று பார்க்கிறேன். நேற்று சயன்ஸ் டீச்சர் என்னை இரண்டு முறை கூப்பிட்டுவிட்டு, "காது கேக்கலையாம்மா?" என்றார். வகுப்பு சிரித்தது. உண்மையிலேயே அவர்தான் கூப்பிட்டிருக்கிறார் என்று எனக்கு அப்பாடா என்றிருந்தது.

எனக்கும் ஒருநாள் அது வரலாம். வந்தால் என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன் அல்லது வேண்டியவள் நீதான். அந்த வேலையை நான் ஒரு வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்ததை உனக்குச் சொல்லி வைக்கிறேன். அந்த நேரத்தில் எனக்குச் சொல்ல வராமல் போகலாம்.

என் அம்மாவின் பெயர் சரோஜா. எங்கள் தெருவில் அம்மாவின் கை பேர்போனது. பட்டுப் புடவைக்கு உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் இரண்டையும் தறியிலேயே கோத்துக்கொண்டு போக வேண்டும். கரைக்குக் குறுக்கிழை ஓட்டத் தனி நாடா உண்டு. அதை எறிய நெய்கிறவருக்கு வலப்பக்கம் இன்னொருவர் உட்கார வேண்டும். எங்கள் தறியில் அந்த இடம் அம்மாவுடையது. அப்பா மிதிக்க, அம்மா எறிய, ஒரு வார்த்தை பேசாமல் இருவரும் ஒரு முழம் நெய்துவிடுவார்கள். போன வருஷம் அம்மாவுக்குத் தூக்கம் நின்றது. சுவருக்குப் பின்னால் யாரோ தன்னைத் திட்டுவதாகச் சொன்னாள். குழம்பில் ஏதோ கலந்திருக்கிறது என்று சட்டியோடு கொட்டினாள். கயிறு கட்டினோம், விபூதி போட்டோம், ஒரு தர்காவுக்கும் போய் வந்தோம். பிறகுதான் மெட்ராஸ் ஆஸ்பத்திரி. அப்போது கோடை விடுமுறை. பக்கத்தில் ஒரு அத்தை வீட்டில் தங்கிக்கொண்டு பகலில் அம்மாவோடு வார்டில் இருந்தேன்.

அங்கே ஒரு சிஸ்டர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், முன்கோபக்காரர். நான் "இன்னா சிஸ்டர்?" என்றால், "இன்னாவாம்ல இன்னா!" என்று அதே மாதிரி சொல்லிக்காட்டிச் சிரிப்பார். வேலை அதிகமான நாளில் எல்லோர் மேலும் எரிந்து விழுவார். ஆனால் அம்மா பயந்து போய் மூலையில் ஒடுங்கினால் அவரும் தரையில் உட்கார்ந்துவிடுவார். அம்மாவின் கண்ணுக்கு மேலே அவர் கண் இருக்காது. முதல்நாள் அம்மா, "அந்தக் குரல் உனக்குக் கேக்கலையா?" என்று அவரை அதட்டினாள். நான் வீட்டில் எப்போதும் சொல்வதைப்போல, "ஒண்ணும் கேக்கலம்மா, சும்மா இரும்மா" என்றேன். சிஸ்டர் என்னைக் கையமர்த்தினார். "எனக்குக் கேக்கல. ஆனா உங்களுக்குக் கேக்கு. பயமா இருக்கா?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா அழுதாள். பயமாக இருக்கிறதா என்று அதுவரை எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. குரல் இருக்கிறதா இல்லையா என்று வாதாடவே எங்களுக்கு நேரம் சரியாக இருந்தது. நீ என்னோடு அந்த வாதம் செய்யாதே. பொய்யாக எனக்கும் கேட்கிறது என்றும் சொல்லாதே. பயத்தை மட்டும் கேள்.

அம்மா தேறி வீட்டுக்கு வந்தாள். குரல் போய்விட்டது, தூங்கினாள், என் தலையை வாரிப் பின்னிவிட்டாள். தினமும் இரண்டு வேளை மாத்திரை. ஆனால் கை நடுங்கியது. டம்ளரை எடுத்தால் காப்பி சிந்தியது. தறியில் உட்கார்ந்தபோது கரையும் உடலும் சேரும் கோர்வை கோணிக்கொண்டு போயிற்று, இழை இழையாக அறுந்தது. அப்பா ஒன்றும் சொல்லாமல் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தார். உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நெசவுக்காரர் வீட்டில் ஆளைப் பார்ப்பதற்குமுன் கையைத்தான் பார்ப்பார்கள். கை ஆடாமல் நின்றால் ஆள் நன்றாக இருக்கிறாள், கை ஆடினால் ஆள் சரியில்லை. ஒருநாள் காலையில் மாத்திரை மறந்துபோயிற்று. அதற்கு மறுநாளும் அப்படியே. இரண்டாம் நாள் நடுக்கம் குறைந்த மாதிரி இருந்தது. அப்பாவின் முகத்தில் வெளிச்சம். "மாத்திரைதாம்மா கையைக் கெடுக்குது. தறி ஓடுற நாளு வேணாம். தறி ஓடாத நாளுக்குக் குடுத்துக்கலாம்" என்றார். அம்மாவுக்கும் சந்தோஷம். எனக்கும்தான். அந்த நடுக்கத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காது.

எங்கள் தெருவில் தறி ஓடாத நாள் அமாவாசைதான். அன்றைக்கு யாரும் நாடாவைத் தொடமாட்டார்கள். வீட்டை மெழுகி, வடை பாயசத்தோடு படைத்து, சாப்பிட்டுவிட்டுப் படுப்பார்கள். ஆக, அம்மாவுக்கு அமாவாசைக்கு அமாவாசை மாத்திரை கிடைத்தது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்கு நாள் வைத்துக்கொள்வதைப்போல மாத்திரைக்கும் ஒரு நாள். அப்படித்தான் நாங்கள் நினைத்தோம். அப்பா கெட்டவர் இல்லை. அம்மாவைத் திரும்பத் தன் வலப்பக்கத்தில் உட்கார்த்தி வைக்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு எண்ணமே இல்லை.

போன வாரம் காலையில் எதிர்வீட்டு ரங்கம்மா வீட்டுக்காரர்கள் தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். தெரு நீளத்துக்கு அரக்குச் சிவப்பில் பட்டிழைகள் இடுப்பு உயரத்தில் விறைத்து நின்றன. அம்மா எங்கள் வாசலிலிருந்து ஓடிப்போய் அதற்கடியில் புகுந்துகொண்டாள். நடுவில் குந்தி, தலையை முழங்காலுக்குள் வைத்துக் காதைப் பொத்திக்கொண்டாள். நிமிர்ந்தால் அத்தனை இழையும் அறுந்துவிடும். "அய்யோ தேவுடா! பாவு போச்சு, பாவு போச்சு! யாராவது அவளை இழுங்கப்பா!" என்று ரங்கம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். ஒரு பையன், "மெட்ராஸ் டிக்கெட்டு!" என்று கத்தினான். இரண்டு ஆண்கள் காலைப் பிடித்து இழுக்கக் குனிந்தார்கள். அப்பா இழைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "சரோஜா, வெளிய வாம்மா, வாம்மா" என்று கெஞ்சினார். எனக்குப் பள்ளிக்கூடத்துப் பாவாடை தாவணி. நான் தரையில் படுத்து உள்ளே ஊர்ந்து போனேன். அம்மா பக்கத்தில் அவளைப்போலவே குந்திக்கொண்டேன். தொடவில்லை. "பயமா இருக்குதாம்மா?" என்றேன். முழங்காலுக்குள்ளிருந்தே, "ரொம்ப" என்றாள். "நானும் பயந்துக்கினுதான் இருக்கிறேன்" என்றேன். அது பொய்யில்லை. வெளியே சத்தம் கொஞ்சம் அடங்கியது. "தலைக்கு மேல பட்டு இருக்குதும்மா. யாரோ நெய்யப்போற புடவை" என்றேன். அம்மா காதிலிருந்து கையை எடுத்து மேலே பார்த்தாள். பிறகு அவளே, "குனிஞ்சே வாடி, தலை படாம" என்று எனக்குச் சொல்லி முன்னால் ஊர்ந்து வந்தாள். ஒரு இழைகூட அறுபடவில்லை. நோய் முற்றிய நேரத்திலும் அம்மாவுக்குள் நெசவுக்காரி இருந்தாள். எனக்கு வந்தால், எனக்குள்ளும் யாராவது ஒருத்தி இருப்பாள். அவளைக் கூப்பிட்டுப் பார்.

இப்போது விஷயம் இதுதான். "மாத்திரை சாப்பிட்டும் திரும்ப வந்துடுச்சு, இனிமே தேறாது" என்று பெரியப்பா சொல்கிறார். அதை வைத்துத்தான் முடிவே எடுத்தார். மாத்திரை கொடுக்கவில்லை என்பது அப்பாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். அண்ணன் எதிரில் அதைச் சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. நாளைக்கு டாக்டர் கேட்பார். பஸ்ஸில் அம்மாவைப் பிடித்துக்கொள்ள ஒரு பெண்பிள்ளை வேண்டும் என்று என்னையும் அழைத்துப்போகிறார்கள். நான் வாய் திறந்தால் அப்பாவுக்குத் தலைகுனிவு. திறக்காவிட்டால் அம்மா அங்கேயே. என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. விளக்கில் எண்ணெய் தீர்கிறது.

*

அன்று நிறுத்தியதை இன்றுதான் தொடர முடிந்தது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம். நான் பக்கத்தில். ஸ்ரீபெரும்புதூரில் வண்டி நின்றபோது பெரியப்பா இறங்கிப் போய் ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்து, தோலை உரித்து, கொட்டையையும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு சுளையாக அம்மாவிடம் கொடுத்தார். "சாப்பிடும்மா" என்று அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அங்கே கொஞ்சம் கலைந்தது. அவருக்கும் பயம். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பயம், ஆளுக்கொரு விதமாக.

டாக்டர் அறையில் அந்தச் சிஸ்டர்தான் இருந்தார். அம்மாவைப் பார்த்ததும், "வாங்க சரோஜாக்கா" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். டாக்டர் நிமிராமல், "மாத்திரை ஒழுங்கா கொடுத்தீங்களா?" என்றார். அப்பா, "குடுத்தோம் சார்" என்றார். பெரியப்பாவும், "தவறாம குடுத்தாங்க டாக்டர். அப்பிடியும் கேக்கல. அதனாலதான் இங்கயே..." என்று ஆரம்பித்தார். நான் அம்மாவின் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது அம்மா பேசினாள். யாரையும் பார்க்காமல், தன் கையைப் பார்த்துக்கொண்டு, "அமாவாசைக்கு அமாவாசை குடுத்தாங்க" என்றாள்.

பெரியப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார். "பாத்தீங்களா டாக்டர், எப்பிடி ஒளர்றா பாருங்க. மாத்திரையாம், அமாவாசையாம்!" டாக்டரும் லேசாகப் புன்னகை செய்து ஏதோ எழுதத் தொடங்கினார். அந்தப் புன்னகைதான் என் வாயைத் திறந்தது. அந்த அறையில் உண்மை பேசியவள் அம்மா ஒருத்திதான். அது உளறல் என்று எல்லோரும் சிரித்தார்கள். நோயாளி சொன்னால் நிஜமும் நோயாகிவிடுகிறது. "அம்மா ஒளறல சார்" என்றேன். குரல் கீச்சென்று வந்தது. "அமாவாசைக்குத்தான் தறி ஓடாது. அன்னிக்கி மட்டும்தான் மாத்திரை. மத்த நாள் சாப்பிட்டா கை நடுங்குது, இழை அறுந்து போவுது."

பெரியப்பா மெதுவாக அப்பா பக்கம் திரும்பினார். "இன்னாடா வரதா, நெஜமா?" அப்பா துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். "கோர்வை ஆவல அண்ணா. கையைப் பாத்துக்கினு இருக்க முடியல. கை சரியா இருந்தா எல்லாம் சரியாயிடும்னு நெனச்சேன்." அவர் அழுததை நான் பார்த்தது அதுதான் முதல்முறை. சிஸ்டர் திட்டப்போகிறார் என்று பயந்தேன். அவர் திட்டவில்லை. அம்மாவின் முன்னால் குனிந்து, "கை எப்பம் நடுங்குது? மாத்திரை போட்ட உடனேயா, கொஞ்சம் கழிச்சா? கால் சும்மா இருக்க விடுதா?" என்று கேட்டார். அம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். கால் இழுத்துக்கொண்டே இருக்குமாம், வாயில் எச்சில் ஊறுமாம். இதெல்லாம் எனக்கே தெரியாது. கூடவே இருந்தும் நான் கேட்டதில்லை. நடுக்கத்தைப் பார்த்தேனே தவிர, நடுங்குகிறவளைக் கேட்கவில்லை.

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு இந்த முறை எங்களைப் பார்த்துப் பேசினார். நடுக்கம் நோய் இல்லை, மாத்திரையால் வருவது. அதற்கென்று இன்னொரு சின்ன மாத்திரை இருக்கிறது, பெரிய மாத்திரையின் அளவையும் பார்த்துக் குறைக்கலாம். ஆனால் அவரைக் கேட்காமல் எதையும் நிறுத்தக் கூடாது. "நடுங்குதுன்னு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே" என்றார். சிஸ்டர் முணுமுணுத்தார்: "நாமளும் ஒரு வார்த்தை கேட்டு அனுப்பியிருக்கலாம் சார்." டாக்டருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் தலையை ஆட்டினார்.

புதிய அளவு ஒத்துக்கொள்ளும் வரை அம்மா வார்டில் இருக்க வேண்டும் என்றார்கள். பெரியப்பா வெளியே வந்து ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். அப்பா அவருக்கு எதிரில் போய் நின்றார். "அண்ணா, அடுத்த அமாவாசைக்கு வந்து நான் கூட்டிக்கினு போயிடுவேன்" என்றார். கேட்கவில்லை, சொன்னார். பெரியப்பா புகையை விட்டுவிட்டு, "அன்னிக்கிதான் உனக்கு வேலை இருக்காதே, வா" என்றார். அம்மாவோடு வாசல்வரை வந்த சிஸ்டர், "அமாவாசைன்னா அமாவாசை. வரலைன்னா நானே அக்காவை பஸ் ஏத்தி விட்டுருவேன், பாத்துக்கோங்க" என்றார். அம்மா சிரித்தாள்.

அப்பா போனார், அழைத்து வந்தார். இப்போது அம்மா வலப்பக்கத்தில் உட்காருகிறாள். கை நடுக்கம் முழுக்க நின்றுவிடவில்லை. முன்பு மாதிரி வேகமும் இல்லை. அப்பா மிதித்துவிட்டுக் காத்திருக்கிறார். காத்திருப்பது அவருக்குப் பழகிவிட்டது. சில நேரம் நாடாவைக் கையில் பிடித்தபடி அம்மா தலையைச் சாய்ப்பாள். "கேக்குதா?" என்று அப்பா கேட்பார். "லேசா. நீங்க ஆவட்டும்" என்பாள் அம்மா. தறிச் சத்தம் மறுபடி ஓடும். காலையிலும் மாலையிலும் நான் மாத்திரையைக் கொடுத்து, விழுங்கும்வரை பேசிக்கொண்டு நிற்கிறேன். "இன்னிக்கி எப்பிடி இருக்குது?" என்று அம்மாவைத்தான் கேட்கிறேன், கையை அல்ல.

ரங்கம்மா தெருவில் பாவு நீட்டும் நாளில் இன்னும் எங்கள் வாசலை ஒரு பார்வை பார்ப்பாள். பெரியப்பாவுக்கு என் கல்யாணக் கவலை அப்படியே இருக்கிறது. எனக்கு ஒரு முடிவு உண்டு. என்னைக் கேட்டு யார் வந்தாலும் முதலில் இதைத்தான் சொல்வேன். கேட்டுவிட்டு எழுந்து போகிறவர் உனக்கு அப்பாவாக இருக்க வேண்டாம்.

நேற்று நான் நாடாவுக்குள் வைக்கும் தாரில் இழை சுற்றிக்கொண்டிருந்தேன். அம்மா என் விரலைப் பார்த்துவிட்டாள். "இன்னாடி இது, மை? பட்டுல பட்டா உங்கப்பா இன்னா ஆவாரு தெரியுமா? யாருக்கு எழுதற?"

பொய் சொல்ல வாயெடுத்தேன். அந்த டாக்டர் அறை ஞாபகம் வந்தது. "எனக்குப் பொறக்கப்போற கொழந்தைக்கு" என்றேன்.

"அதுக்குள்ளயா! பள்ளிக்கூடம் முடிக்கட்டும்னு பாத்தா..." என்று கன்னத்தில் இடித்தாள். பிறகு நாடாவை மடியில் வைத்துக்கொண்டு, "இன்னான்னு எழுதுற?" என்றாள்.

"எனக்கும் உன்னை மாதிரி வந்தா எப்பிடிப் பாத்துக்கணும்னு."

அம்மா முகம் ஒரு மாதிரி ஆயிற்று. சொல்லியிருக்கக் கூடாது என்று நினைத்தேன். தறி நின்றது. அப்பாவும் மிதிக்காமல் இருந்தார். அம்மா என் மை விரலைத் தன் முந்தானையால் துடைத்தாள். அவள் கை சற்று நடுங்கியது. அது எனக்கு இப்போது அருவருப்பாக இல்லை.

"வராது. வந்தா வரட்டும்" என்றாள். "நான் சொல்றேன், எழுதிக்கோ. சோறு தெனமும் போடச் சொல்லு. மாத்திரையும் தெனமும் குடுக்கச் சொல்லு. அமாவாசைக்கு மட்டும் ரெண்டு வடை சேத்துப் போடச் சொல்லு."

அப்பா சத்தமாகச் சிரித்துவிட்டு மிதியை அழுத்தினார்.

அம்மா சொன்னபடியே எழுதிவிட்டேன்.

உனக்காகக் காத்திருக்கும்
உன் அம்மா